மேல்மலையில் காற்று எங்கே தேறும்? மாடலில் பார்க்கும் முறை

கொடைக்கானல் மேல்மலையில் காற்றாலைக்கு எந்த இடம் தேறும் என்று கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு வண்ண வரைபடத்தோடு வருகிறார்கள். நிறத்தை அப்புறம் பார்க்கலாம். அந்த வரைபடம் ஒரு வானிலை மாடலில், அதாவது காற்றைக் கணக்கிடும் கணினி நிரலில், இருந்து வந்தது. அந்த மாடல் நம் மலைக்கு எவ்வளவு உயரம் கொடுத்திருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

பழைய வானிலையை மாடலில் மறுபடி கணக்கிட்டு ஐரோப்பிய வானிலை மையம் தரும் இஆர்ஏ5 (ERA5) தரவு இலவசம். 1940 முதல் மணிவாரியாக, 100 மீட்டர் உயரக் காற்றும் அதில் உண்டு. ஆனால் அது நிலத்தைப் பிரிக்கும் ஒரு கட்டத்தின் அகலம் சுமார் 31 கி.மீ. பழனிக்கும் கொடைக்கானலுக்கும் நேர்கோட்டில் 25 கி.மீ. போல்தான், உயர வித்தியாசமோ 1,700 மீட்டருக்கு மேல். இவ்வளவு பெரிய கட்டத்தில் மலை வெறும் மேடாகிவிடும். அந்தக் காற்று வேகத்தை அப்படியே நம்பக் கூடாது.

அதை எல்லைத் தரவாக, அதாவது ஓரங்களில் கொடுக்கும் தரவாக மட்டும் வைத்து, சிறு பகுதியை நுணுக்கமாகக் கணக்கிடும் டபிள்யூஆர்எஃப் (WRF) மாடலை 9, 3, 1 கி.மீ. கட்டங்களில் ஒன்றுக்குள் ஒன்றாக ஓட்டுங்கள். 1 கி.மீ. அளவில்தான் பூம்பாறைப் பள்ளமும் மேலே உள்ள முகடும் பிரிந்து தெரியத் தொடங்கும். ஒவ்வொரு ஓட்டத்திலும் முதல் 12 மணி நேரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள், மாடல் நிலைப்பட நேரம் வேண்டும். முழு வருடமும் ஓட்ட வசதி இல்லையென்றால் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் போதும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று பாயும் ஜூலையை மட்டும் பார்த்து முடிவெடுப்பது பெரிய ஆபத்து. நிலப்பரப்புத் தரவையும் சரிபாருங்கள். வாட்டில் மரக் காட்டைப் புல்வெளி என்று வைத்திருந்தால் மாடல் காற்றைக் கூடுதலாகக் காட்டும்.

சராசரி வேகத்தோடு நிறுத்த வேண்டாம். ஆற்றல் வேகத்தின் மும்மடியை (வேகம் × வேகம் × வேகம்) பொறுத்தது. நொடிக்கு 6 மீட்டரிலேயே சீராக வீசினால் 216 பங்கு. பாதி நேரம் 4, பாதி நேரம் 8 என்றால் சராசரி அதே 6தான், ஆற்றல் 288 பங்கு. அதனால் மணிவாரியாகக் கணக்கிட்டுக் கூட்டுங்கள். 2,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதையும் கழிக்க வேண்டும்.

2013இல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயத்தையும், வெளியே மிஞ்சியிருக்கும் சோலை, புல்வெளிகளையும் வரைபடத்திலிருந்து நீக்கிவிடுங்கள். எவ்வளவு காற்று அடித்தாலும் அங்கே கோபுரம் நடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

மிஞ்சும் முகட்டில் இரண்டு உயரங்களில் காற்றுமானி வைத்து ஒரு வருடம் அளந்து, அதே வருட இஆர்ஏ5 எண்களோடு திசைவாரியாக ஒப்பிடுங்கள். அந்த விகிதத்தைக் கொண்டு 20 வருட இஆர்ஏ5 தரவைத் திருத்தினால், காற்று குறைந்த வருடத்தில் எவ்வளவு மின்சாரம் கிடைக்கும் என்பதும் தெரியும். கடன் கணக்கை அந்த வருடத்தை வைத்துப் போடுங்கள்.