குமரி மாவட்ட நாட்டார் மெட்டுகளை வயோலாவில் வாசிப்பது எப்படி

வயலின் பழகியவர்கள் ஒரு தாலாட்டையோ நடவுப் பாட்டையோ கையில் எடுத்தால், பெரும்பாலும் அதை மேல் ஸ்தாயிக்குத் தூக்கிவிடுகிறார்கள். கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் பாடியவர் குரல் அதில் இருக்காது. வயோலாவில் அந்தச் சிக்கல் இல்லை. வயலின் போலவே வில்லால் வாசிக்கும், அதைவிடச் சற்றுப் பெரிய கருவி இது. நான்கு கம்பிகளும் ஸி, ஜி, டி, ஏ என்று வயலினைவிட ஒரு பஞ்சமம் (ஸ-விலிருந்து ப வரையான தூரம்) கீழே இறங்கி நிற்கும். வயலிலும் தொட்டிலடியிலும் பெண்கள் சாதாரணமாகப் பாடும் குரல், அதன் ஜி கம்பியும் டி கம்பியும் பேசும் இடத்திலேயே பேசுகிறது. வில்லுப்பாட்டை முன்னின்று பாடும் புலவரின் கனத்த குரலுக்கு ஸி கம்பி இருக்கிறது.

குரலின் உயரம் பொருந்திவிட்டால் மட்டும் போதாது. நாட்டார் பாட்டில் மெட்டு சொல்லோடு ஒட்டிப் பிறந்தது. சொல்லை விட்டுவிட்டு சுரத்தை மட்டும் எடுத்து வாசித்தால் நாலைந்து சுரங்கள் திரும்பத் திரும்ப வருவதாகத்தான் கேட்கும். இந்த வழிமுறை முழுக்க, சொல்லை வில்லுக்கு எப்படிக் கொண்டுவருவது என்பதைப் பற்றியதே.

பாட்டைப் பதிவுசெய்தல்

கதைப்பாடல் புத்தகங்களில் சொல் கிடைக்கும், மெட்டு கிடைக்காது. ஆகவே பாடுபவரிடமிருந்தோ நல்ல பதிவிலிருந்தோதான் தொடங்க வேண்டும். வில்லுப்பாட்டுக்கு, கொட்டாரம் பக்கத்தில் வாழ்ந்து 2018-இல் மறைந்த பூங்கனி அம்மாளின் பதிவுகளைத் தேடிக் கேளுங்கள். சொல் எப்படி அடிபட்டு விழுகிறது என்பது அவர் பாட்டில் தெளிவாகத் தெரியும்.

நேரில் பதிவுசெய்யும்போது மின்விசிறியை நிறுத்திவிட்டு, போனைப் பாடுபவரிடமிருந்து ஒரு கை தூரத்தில், மேசையின் மேல் அல்லாமல் ஒரு மடித்த துணியின் மேல் வையுங்கள். ஒரே பாட்டை மூன்று முறை கேளுங்கள். "ஆச்சி, ஒருக்கா பாடுங்க" என்று முதலில் முழுதாக. அடுத்து ஒவ்வொரு அடியாக நிறுத்தி. மூன்றாவது பாடாமல், பேச்சாகச் சொல்லச் சொல்லி. இந்த மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எந்த எழுத்து அழுந்துகிறது, எது விழுங்கப்படுகிறது என்பது அதில்தான் பிடிபடும்.

கோயில் கொடையில் (ஊர்க் கோயில் திருவிழாவில்) பதிவுசெய்தால் குழல் ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே நிற்காதீர்கள். சத்தம் உடைந்து சுரம் பிரியாது. பக்கவாட்டில், குடமும் உடுக்கும் நேரடியாகக் கேட்கும் இடம் நல்லது. சாமியாடிக்கு அருள் வரப் பாடும் பகுதியை மேடை உருப்படியாக்க வேண்டாம். ஒப்பாரியை வீட்டுக்குள் சும்மா பாடச் சொல்வதும் முறையல்ல. பல வீடுகளில் அதை அபசகுனமாகக் கருதுவார்கள். வெளியே, அவர்கள் சொல்லும் இடத்தில் கேளுங்கள்.

ஸட்ஜம் எங்கே?

பதிவைக் கேட்டு, அடி வந்து முடியும் சுரத்தை டியூனரில் பாருங்கள். பெரும்பாலும் அதுதான் ஸ. பிறகு பாட்டு அதற்குக் கீழே எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். நாட்டார் மெட்டுகள் பல மேல் ஸட்ஜத்தைத் தொடாமல், ஸட்ஜத்துக்குக் கீழே தைவதம் வரை, பஞ்சமம் வரை இறங்கி வரும். செஞ்சுருட்டி, குறிஞ்சி, நாதநாமக்கிரியை, புன்னாகவராளி, நவரோஜ் போன்ற ராகங்களின் சாயல் அடிக்கடி கேட்பதும் இதனால்தான். இவை எல்லாமே மேல் ஸட்ஜம் வரை ஏறாத ராகங்கள். இப்படி இறங்கும் பாட்டுக்குக் கீழே இடம் வேண்டும் என்பதால் ஸட்ஜத்தை அடிக் கம்பியில் வைக்கக் கூடாது. மூன்று வழிகள் உண்டு.

சுருதியை மாற்றாமல் திறந்த ஜி கம்பியை ஸ-வாக வைப்பது முதல் வழி. பாடகர்களின் சுருதிக் கணக்கில் அது 5 கட்டை. ஜி ஸ, டி ப. இரண்டையும் சேர்த்து இழுத்தால் தம்புரா வேலையும் நடக்கும். ஸி கம்பியில் கீழ் ப, த, நி மூன்றும் முதல் பொசிஷனிலேயே, கையை மேலே நகர்த்தாமல், கிடைக்கும். தாலாட்டு, ஒப்பாரி, நடவுப் பாட்டு மூன்றுக்கும் இதுவே முதல் தேர்வு.

இரண்டாவது, திறந்த டி கம்பியை ஸ-வாக வைப்பது, 2 கட்டை. ஏ கம்பி ப, ஜி கம்பி கீழ் ம. கும்மிக்கும், கோலடித்து ஆடும் களியலுக்கும் இது நல்லது. கோல் சத்தத்துக்கு மேலே எழும்பிக் கேட்கும்.

மூன்றாவது, கர்நாடக வயலின்போல ஸ-ப-ஸ-ப. டி கம்பியை ஸி-க்கும் ஏ கம்பியை ஜி-க்கும் ஒரு முழுச் சுரம் இறக்குங்கள். கீழ் இரண்டையும் தொட வேண்டாம். இது 1 கட்டை, வில்லுப்பாட்டுக்கு உகந்தது. புலவர் பாடுவதைக் கீழ் இரண்டு கம்பியிலும், பின்பாட்டை அதே விரல்களால் மேல் இரண்டு கம்பியிலும் வாசிக்கலாம். இறக்கிய கம்பியின் இழுவிசை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். அதன் மேல் வழக்கம்போல் விரலை அழுத்தினால் சுரம் மேலே ஏறிவிடும், வில்லை அழுத்தினால் கரகரக்கும். இரண்டையும் லேசாக்குங்கள். சுருதி மாற்றியதும், கம்பிகளைத் தாங்கும் பாலம் சாய்ந்திருக்கிறதா என்று பக்கவாட்டில் பார்த்து நேராக்குங்கள். 2 கட்டை வேண்டுமென்று ஸி, ஜி கம்பிகளை மேலே முறுக்காதீர்கள். கம்பி அறும், பாலமும் விரல் பலகைப் பக்கம் சாயும்.

விரல்

16 அங்குல வயோலாவில் கம்பியின் ஒலிக்கும் நீளம் சுமார் 37 செ.மீ. வயலினில் ஏறக்குறைய 33. திறந்த கம்பியிலிருந்து முதல் முழுச் சுரம் வயலினில் 3.6 செ.மீ. தள்ளி விழும், வயோலாவில் 4.1. அரை சென்டிமீட்டர்தான், ஆனால் வயலின் கையோடு வருகிறவர்களுக்கு ரிஷபம் எப்போதும் இறங்கி நிற்பது இதனால்தான். முதல் விரலைப் பின்னால் இழுக்காமல் கையையே சற்று முன்னால் வைத்துப் பழகுங்கள்.

செஞ்சுருட்டிச் சாயலில் ஒரு பயிற்சி அடி இது. ஜி = ஸ. அடைப்புக்குள் இருப்பவை கீழ் ஸ்தாயி. காற்புள்ளி ஒரு எண்ணிக்கை நீட்டல். ஒரு பகுதிக்கு ஆறு எண்ணிக்கை, அதாவது இரண்டு தகிட.

(த) , ஸ ரி , ரி | ம , க ரி , ,
ரி , க ஸ , ரி | (நி) , (த) (ப) , ,
(த) , ஸ ஸ , ,

ஸி கம்பியில் ப முதல் விரல், த இரண்டாம் விரல், நி மூன்றாம் விரல். இரண்டும் மூன்றும் ஒட்டி இருக்க வேண்டும். ஜி கம்பியில் ரி ஒன்று, க இரண்டு, ம மூன்று. இங்கும் இரண்டும் மூன்றும் ஒட்டும். "ஆராரோ ஆரிரரோ" என்று வாயில் சொல்லிக்கொண்டே, தகிட ஒன்றுக்கு மெட்ரோனோம் 50 வைத்து வாசியுங்கள்.

கடைசி அடியைக் கவனியுங்கள். அதன் கடைசி ஸ-வைத் திறந்த ஜி கம்பியில் வாசித்தால் மணி அடித்ததுபோல் பளிச்சென்று நின்றுவிடும். தாலாட்டுப் பாடுபவர் குரல் அங்கே அப்படி நிற்காது. லேசாகத் தளர்ந்து கீழே சரியும். ஆகவே அந்த ஸ-வை மட்டும் ஸி கம்பியில் நான்காம் விரலால் வாசித்து, வில் ஓய்ந்துகொண்டிருக்கும்போதே விரலை ஒரு நூலளவு கீழே சரித்து எடுங்கள். ஒலி மங்கலாகவும் இருக்கும், முடிவும் குரல்போல் இருக்கும். நடுவில் வரும் ஸ எல்லாம் திறந்த கம்பியிலேயே இருக்கட்டும்.

காந்தாரம் பெரிய தொல்லை. பல பாடகர்களின் காந்தாரம் சாதாரணத்துக்கும் (தாழ்ந்த காந்தாரம்) அந்தரத்துக்கும் (உயர்ந்தது) இடையில் எங்கோ விழும், ஏறும்போது ஒரு இடம், இறங்கும்போது ஒரு இடம். டியூனர் சிவப்புக் காட்டும். அதைத் திருத்தாதீர்கள், பதிவோடு சேர்ந்து வாசித்து, விரலுக்கு அந்த இடத்தைப் பழக்குங்கள். ஊரின் ஓசை இந்த மாதிரி இடங்களில்தான் இருக்கிறது.

வைப்ரேட்டோவை முதல் நாளிலேயே நிறுத்திவிடுங்கள். மெட்டு ஐந்து சுரத்துக்குள் நடப்பதால் ஒவ்வொன்றும் ஆடினால் எல்லாம் ஒன்றுபோல் கேட்கும். கர்நாடக கமகத்தை அப்படியே ஏற்றினாலும் பாட்டு கச்சேரித் துக்கடாவாகிவிடும். வேண்டியது இரண்டே: சுரத்துக்கு மேலிருந்து ஒரு சிறு தொடுதல், அடி முடிவில் ஒரு சரிவு. ஒப்பாரியில் அந்தச் சரிவு பெரிதாகும். ம-விலிருந்து ரி வரை ஒரே விரல் வழுக்கி இறங்க, வில்லின் கனம் பாதி வழியிலேயே குறைய வேண்டும். ஒப்பாரிக்குத் தாளம் வைக்காதீர்கள். மூச்சுதான் அதன் தாளம்.

வில்லில் சொல்

பேச்சாகச் சொன்ன பதிவை எடுத்து, பாட்டின் சொற்களை எழுதி, சீர் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சீரின் தொடக்கத்திலும் வில் திரும்ப வேண்டும். சீருக்குள் உள்ள எழுத்துகள் கூடியவரை ஒரே வில்லில். வல்லினத்தில் தொடங்கும் சீருக்கு வில்லைக் கம்பியில் கடிக்கவைத்து விடுங்கள். மெல்லினத்துக்கும் உயிருக்கும் வில் நகர்ந்துகொண்டே கம்பியில் வந்து அமரட்டும். நெடிலுக்கு நீளம், குறிலுக்குச் சிட்டிகை. மோனை விழும் இடத்தில் சிறு அழுத்தம். இவ்வளவையும் செய்தால், பாட்டு தெரிந்தவர் கேட்கும்போது சொல் தானாக அவர் வாயில் வந்துவிடும். வரவில்லையென்றால் வில் எங்கேயோ தப்பாகத் திரும்புகிறது.

கல்குளம், விளவங்கோடு பக்கத்துப் பாட்டுகளில் மலையாள ஓசையும் கலந்திருக்கும். 1956 நவம்பர் 1 வரை இந்த மாவட்டம் திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த பகுதிதானே. அவற்றில் நெடில் இன்னும் நீண்டு, அலைபோல் ஏறி இறங்கும். தோவாளைப் பக்கத்து நடவுப் பாட்டுக்குப் போடும் வெட்டு வில்லை அங்கே போடாதீர்கள்.

ஸி கம்பி தாமதமாகத்தான் பேசும். வயலின் வேகத்தில் வில்லை ஓட்டினால் காற்று மட்டும் வரும். வேகத்தைக் குறைத்து, பாலத்துக்கு ஒரு விரல் அகலம் நெருங்கி, கையின் கனத்தை விட்டு இழுங்கள். ரோசினும் வயோலாவுக்கானது, சற்று மென்மையான வகை, நல்லது.

வில்லுப்பாட்டை நான்கைந்து நிமிடத்துக்குள் அடக்கும்போது தொடக்க வணக்கமான காப்பிலிருந்து ஓர் அடி, கதையில் ஒரு கட்டம், முடிவு வாழ்த்தான வாழி ஆகிய மூன்றும் போதும். புலவர் பாடும் அடி முடிந்ததும் பின்பாட்டுக்காரர் சொல்லும் "ஆமா"வை விட்டுவிடாதீர்கள். திறந்த ஸ-ப இரண்டையும் வில்லின் அடிப்பகுதியில் ஒரு சிறு வெட்டாக வாசித்தால் போதும். இன்னொரு வயோலாக்காரர் இருந்தால் இந்த வெட்டை அவரிடம் கொடுங்கள், பாட்டுக்கு உயிர் வந்துவிடும். வில்லுப்பாட்டு வில்லை அடிக்கும் வீசுகோலின் அடியைப் போலி செய்ய வயோலா வில்லின் மரத்தால் தட்டுவதை விட, குடம் வாசிக்கத் தெரிந்த ஒருவரை அருகில் உட்காரவைப்பதே சரி. ஹார்மனி கோர்ட்டுகள் சேர்க்க ஆசை வரும். ஸ-ப-வுக்கு மேல் மூன்றாவது சுரம் சேர்த்தால், முன்பு சொன்ன காந்தாரம் தப்பாகக் கேட்கத் தொடங்கும், ஆகவே வேண்டாம். களியலில் வேகம் கட்டம் கட்டமாக ஏறும். தகிடவுக்கு 80-இல் தொடங்கினால், முடிவில் 130-க்கு மேல் போகாதீர்கள், விரல் ஓடும், சொல் ஓடாது.

எழுதிவைத்தல்

முதலில் சுரமும் அதன் கீழே சொல்லும். மேற்கத்திய ஐந்துகோட்டு ஸ்டாஃபில் வேண்டுமென்றால், வயோலாவுக்குரிய ஆல்ட்டோ க்ளெஃப். நடுக்கோடு நடு ஸி. சர்ச் கொயரில் வயலின் வாசிப்பவர்கள் வயலினுக்குரிய ட்ரெபிள் க்ளெஃபில் எழுதித் தருவது வழக்கம். அதை வயோலாக்காரர் கண்பழக்கத்தில் வாசித்தால் எல்லாமே தப்பாகும். ஜி-யை ஸ-வாக வைத்த செஞ்சுருட்டிக்கு ஷார்ப், ஃப்ளாட் எதுவும் இல்லை. "ஜி மேஜர்தானே" என்று பழக்கத்தில் எஃப் ஷார்ப் போட்டுவிட்டால் தாழ்ந்த நியான கைசிகி நிஷாதம் உயர்ந்த நியான காகலியாகிவிடும், ராகமே மாறிவிடும். பாடியவர் பெயரையும் ஊரையும், அவர் அனுமதித்தால், தாளின் மேலேயே எழுதுங்கள்.

குளச்சல், முட்டம் மாதிரிக் கடலோரத்தில் வாசிப்பவர்கள் கருவியைக் கவனிக்க வேண்டும். உப்புக் காற்று கம்பியின் சுற்றை அரிக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் நான்கு கம்பிகளையும் விரல் பலகையையும் துடையுங்கள். தென்மேற்குப் பருவத்திலும் ஐப்பசி கார்த்திகை மழையிலும் முறுக்காணி ஊதி இறுகும்; பலத்தால் திருப்பாமல் வெளியே எடுத்து, காயவைத்து, முறுக்காணிப் பசை தடவிப் போடுங்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகள் இரண்டு வைத்து, நிறம் மாறும் வகையாக இருந்தால் மாறியவுடன், இல்லையென்றால் மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை மாற்றுங்கள்.