ஒரு ஃபீல்டின் பெயரை மாற்ற மூன்று வெர்ஷன்

மருந்துக்கடைகளுக்கான ஒரு பில்லிங் செயலியை நான் பராமரிக்கிறேன். ஒரு சனிக்கிழமை மாலை, கடைகளில் கூட்டம் நிற்கும் நேரத்தில், டேட்டாபேஸின் வாடிக்கையாளர் டேபிளில் இருந்த ‘போன்’ என்ற ஃபீல்டை ‘மொபைல்’ என்று பெயர் மாற்றினேன். கட்டளை ஒரு நொடிகூட எடுக்கவில்லை. ஆனால் புதிய நிரல் இரண்டு சர்வர்களில் ஒன்றுக்குத்தான் அப்போது போயிருந்தது. மற்றது பழைய பெயரையே தேடிக்கொண்டிருந்தது. அதன் வழியாக வந்த பில் ஒன்றுகூடப் பதிவாகவில்லை. அப்புறம் இந்த வேலையை நான் ஒரே வெர்ஷனில் முடித்ததே இல்லை.

முதல் வெர்ஷனில் ‘மொபைல்’ என்ற புதிய ஃபீல்டைச் சேர்ப்பதோடு சரி. அது காலியாக இருக்க அனுமதி கொடுங்கள். நிரல் பழைய ஃபீல்டு, புதிய ஃபீல்டு இரண்டிலும் எழுதட்டும், பழையதிலிருந்தே படிக்கட்டும். எல்லா சர்வர்களும் இந்த வெர்ஷனுக்கு வந்த பிறகுதான் பழைய எண்களைப் புதியதற்கு நகலெடுக்க வேண்டும். அவசரப்பட்டால், பழைய சர்வர் இடையில் எழுதும் எண்கள் விட்டுப்போகும். மொத்தத்தையும் ஒரே கட்டளையில் நகலெடுக்காதீர்கள். அது முடியும்வரை அத்தனை வரிகளும் பூட்டியே கிடக்கும். நான் ஐயாயிரம் ஐயாயிரமாகப் பிரித்து ஓட்டுகிறேன்.

இரண்டாவது வெர்ஷனில் புதியதிலிருந்து படியுங்கள். எழுதுவது மட்டும் இன்னும் இரண்டிலும் நடக்கட்டும். ஏதாவது கோளாறு என்றால் முந்தைய வெர்ஷனுக்குத் தைரியமாகத் திரும்பலாம்.

போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஃபீல்டு சேர்க்கும் கட்டளை டேபிள் முழுவதற்கும் லாக், அதாவது வேறு யாரும் தொட முடியாத பூட்டு, கேட்கும். ஒரு நீண்ட ரிப்போர்ட் அந்த டேபிளைப் படித்துக்கொண்டிருந்தால், உங்கள் கட்டளை அதன் பின்னால் காத்திருக்கும். பிறகு வரும் சாதாரணக் கேள்விகள்கூட உங்கள் கட்டளைக்குப் பின்னால் வரிசையில் நிற்கும். வேலை என்னவோ நொடிப்பொழுதுதான், ஆனால் காத்திருப்பே செயலியை முடக்கிவிடும். அதனால் கட்டளைக்கு முன் ‘லாக் டைம்அவுட்’டை, அதாவது பூட்டுக்காகக் காத்திருக்கும் உச்ச நேரத்தை, 3 நொடி என்று வையுங்கள். கிடைக்கவில்லை என்றால் அது தானே விலகிவிடும், சற்றுக் கழித்து மறுபடி முயலலாம். முன்பெல்லாம் இயல்பு மதிப்போடு (எதுவும் தராதபோது தானாக நிரம்பும் மதிப்பு) ஃபீல்டு சேர்த்தால் டேபிளையே திரும்ப எழுத வேண்டியிருந்தது. 2018-இல் வந்த 11-ஆம் பதிப்பிலிருந்து, அது நிலையான மதிப்பாக இருந்தால் அந்தச் செலவு இல்லை.

மைஎஸ்க்யூஎல் என்ற வேறு டேட்டாபேஸைப் பயன்படுத்துகிறவர்கள் ஒரு மைக்ரேஷன் ஃபைலில் (டேபிள் மாற்றக் கட்டளைகள் உள்ள ஃபைல்) ஒரு மாற்றத்தை மட்டும் வையுங்கள். அங்கே டேபிள் மாற்றங்களை ரோல்பேக் செய்ய, அதாவது பழைய நிலைக்குத் திருப்ப, முடியாது. பாதியில் நின்றால் பாதி அப்படியே தங்கிவிடும்.

மூன்றாவது வெர்ஷனில் நிரலிலிருந்து ‘போன்’ முழுவதுமாகப் போகட்டும். டேபிளிலிருந்து இப்போதே நீக்காதீர்கள். ஜாங்கோ போன்ற வலைச்செயலிக் கருவிகள் மாடலில் (டேபிளை விவரிக்கும் நிரல் பகுதி) உள்ள எல்லா ஃபீல்டுகளையும் பெயர் சொல்லிக் கேட்கும். அதனால் இரண்டாவது வெர்ஷன் ஒரு சர்வரில் ஓடினாலும் உடைந்துவிடும். கடைசி சர்வரும் மாறிய பிறகு, பேக்கப் எடுத்து, அதை வேறொரு இயந்திரத்தில் திறந்தும் பார்த்துவிட்டு நீக்குங்கள். அதற்கு முன் செயலிக்கு வெளியிலும் அந்தப் பெயரைத் தேடுங்கள். எனக்குக் கணக்குப்பிரிவின் மாதாந்திர ஸ்கிரிப்டில் இரண்டு இடங்களில் ‘போன்’ அகப்பட்டது.