சின்சினாட்டி சில்லி: தாளிக்காமல் வைக்கும் கறிக்குழம்பு

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், சின்சினாட்டி நகரின் கேம்ப் வாஷிங்டன் பகுதியில் 1940 முதல் ஒரு கடை நடக்கிறது. கடைக்கும் பகுதியின் பெயர்தான்: கேம்ப் வாஷிங்டன் சில்லி. 2000-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பியர்ட் விருதும் வாங்கிய கடை. அங்கே போய் ‘த்ரீ-வே’ என்றால் ஸ்பகெட்டி, அதன்மேல் சில்லி, அதற்கும் மேல் செடார் சீஸ் வரும். வெங்காயமோ பீன்ஸோ (நம் ராஜ்மாதான்) சேர்ந்தால் ஃபோர்-வே. இரண்டும் சேர்ந்தால் ஃபைவ்-வே.

இந்த ஊர்ச் சில்லியில் பட்டை, கிராம்பு வாசனை தூக்கலாக இருக்கும். 1922-இல் எம்ப்ரஸ் என்ற கடையைத் திறந்த மாசிடோனியச் சகோதரர்கள் தங்கள் ஊர்க் கைப்பக்குவத்தில் ஆரம்பித்து வைத்தது அது. கடைக்காரர்களின் மசாலா ரகசியம் அவர்களிடமே இருக்கட்டும். நாம் வீட்டு முறையில் செய்வோம். ஆறு பேருக்குத் தாராளமாக வரும்.

1. கறியைக் கரைப்பது

அடுப்பைப் பற்றவைக்காமல், பாத்திரத்தில் 1 லிட்டர் பச்சைத் தண்ணீர் ஊற்றி 900 கிராம் மாட்டுக் கொத்துக்கறியைப் போடுங்கள். கையாலேயே பிசைந்து, கட்டி இல்லாமல் கரையுங்கள். தண்ணீர் இளஞ்சிவப்பாகக் கலங்கி, பார்க்க ஒரு மாதிரிதான் இருக்கும். பரவாயில்லை. எண்ணெய் வேண்டாம், வதக்கலும் வேண்டாம். முதல் தடவை நான் பழக்க தோஷத்தில் வெங்காயத்தோடு வதக்கிவிட்டேன். நல்ல கைமா கிடைத்தது, சில்லி கிடைக்கவில்லை. வதக்கினால் கறி உதிரி உதிரியாக இறுகிவிடும். கரைத்தால்தான் மாவுபோல் மென்மையாகிக் குழம்போடு சேரும்.

2. கொதி, மசாலா

கொதி வந்ததும் நுரையை எடுத்துவிட்டு, பொடியாக நறுக்கிய 2 வெங்காயம், 4 பல் பூண்டு, 1 கப் தக்காளி சாஸ், 2 மேசைக்கரண்டி வினிகர், 1 மேசைக்கரண்டி இனிப்பில்லாத கோகோ தூள் சேருங்கள். அப்புறம் சீரகத்தூளும் பட்டைத்தூளும் தலா 1 தேக்கரண்டி, ஆல்ஸ்பைஸ் (மிளகு போலிருக்கும் ஒரு மசாலாக் காய்) தூள் அரை, கிராம்புத்தூள் கால், தேவைக்கு உப்பு.

மிளகாயில் கவனம். அங்கே விற்கும் சில்லி பவுடர் சீரகம், ஆரிகனோ, பூண்டு கலந்த பொடி. அதுவானால் 3 மேசைக்கரண்டி போடலாம். நம் மிளகாய்த்தூளை அந்த அளவுக்குப் போட்டால் வாயில் வைக்க முடியாது. காஷ்மீரி மிளகாய்த்தூள் 2 தேக்கரண்டி போதும். ஒரு சிட்டிகை ஆரிகனோவும் தூவுங்கள்.

சிறுதீயில் மூன்று மணி நேரம், அவ்வப்போது கிளறிக்கொண்டே. தண்ணீராகத் தெரிந்தால் கடைசியில் மூடியைத் திறந்து வையுங்கள்.

3. ஒரு ராத்திரி

ஆறியதும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். காலையில் மேலே ஆரஞ்சு நிறத்தில் கொழுப்பு ஏடாக உறைந்திருக்கும். வழித்து எடுத்துவிட்டுச் சூடு பண்ணுங்கள்.

4. தட்டில்

ஸ்பகெட்டியைக் கொஞ்சம் குழையவே வேகவைக்கலாம். மேலே சில்லி, பிறகு மெல்லிழையாகத் துருவிய செடாரைக் கீழே எதுவும் தெரியாத அளவுக்குக் குவியுங்கள். முள்கரண்டியால் சுற்றி எடுத்தால் அடுக்கு கலைந்துவிடும். அதன் ஓரத்தாலேயே கேக் வெட்டுவதுபோல வெட்டிச் சாப்பிடுங்கள்.