சிலுவையருகே நின்றவர்கள் யார் யார்? ஒரே தாளில் அட்டவணை போடுவது எப்படி

பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்காக, இயேசுவின் சிலுவையருகே நின்றவர்களைப் பற்றி நான்கு சுவிசேஷங்களும் சொல்வதை ஒப்பிடும் இந்த அட்டவணையைப் போட உட்கார்ந்தேன். அரை மணி நேர வேலை என்று நினைத்தேன். மூன்று தாளைக் கிழித்துப் போட்ட பிறகுதான் ஒழுங்காக வந்தது.

கைப்பேசி வேதாகமச் செயலி இதற்கு ஆகாது. முன்னும் பின்னும் தாவுவதற்குள் எந்த மரியாள் எந்தச் சுவிசேஷத்தில் என்பது மறந்துபோகும். அச்சுப் புத்தகம், படுக்கை வாட்டில் ஓர் ஏ4 தாள், ஒரு பேனா, ஒரு பென்சில் போதும். வசனத்தில் இருப்பது பேனாவில், நம் ஊகம் பென்சிலில். இதைக் கடைசிவரை மீறாதீர்கள்.

படி 1. நான்கு பத்தி போடுங்கள்: மத்தேயு 27:55-56, மாற்கு 15:40-41, லூக்கா 23:49, யோவான் 19:25-27. ஒவ்வொன்றிலும் யார், எங்கே, எப்போது என மூன்று கட்டம். சிலுவையருகே நின்ற ரோமப் படை அதிகாரியான நூற்றுக்கு அதிபதியை இதில் சேர்க்காதீர்கள். மாற்கில் அவர் ‘தேவனுடைய குமாரன்’ என்கிறார், லூக்காவில் ‘நீதிபரன்’ என்கிறார், யோவானில் ஆளே இல்லை. அவருக்குத் தனித் தாள் வேண்டும்.

படி 2. ‘யார்’ கட்டம். மகதலேனா மரியாளும், யாக்கோபு, யோசே இருவரின் தாயான மரியாளும் மத்தேயு, மாற்கு இரண்டிலும் உண்டு. மூன்றாவது ஆள், மத்தேயுவில் செபெதேயு குமாரரின் தாய், மாற்கில் சலோமே. இருவரும் ஒருவரே என்று பலர் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் மத்தேயு, மாற்கு இருவருமே ‘அவர்களுக்குள்’ இன்னார் இருந்தார்கள் என்றுதான் எழுதுகிறார்கள், வேறு பெண்களும் அங்கே இருந்தார்கள். ஆகவே பென்சில்.

லூக்கா இந்த இடத்தில் பெயரே சொல்வதில்லை. 24:10-ல் கல்லறைக்குப் போன யோவன்னாளை இங்கே இழுத்துவந்து பேனாவில் எழுதிவிடாதீர்கள். என் முதல் தாள் அதனால்தான் போயிற்று.

படி 3. நான் மாட்டிக்கொண்ட இடம். யோவான் 19:25. நம் பழைய மொழிபெயர்ப்பில் ‘அவருடைய தாயின் சகோதரி கிலெயோப்பா மரியாளும்’ என்று இருக்கிறது. ‘சகோதரி’க்குப் பின்னால் ‘உம்’ இல்லை. அப்படியென்றால் தாய், சகோதரியான கிலெயோப்பா மரியாள், மகதலேனா மரியாள் என மூன்றே பெண்கள். நானும் மூன்று என்று எழுதி, கீழே கோடு போட்டேன்.

கிரேக்கத்திலும் அந்த இடத்தில் ‘உம்’ கிடையாது. ஆனாலும் பெயர் சொல்லாத இருவர், பெயர் சொன்ன இருவர் என்று இரண்டு ஜோடியாக அதை வாசிக்க முடியும். பழைய சீரிய மொழிபெயர்ப்பான பெஷித்தா அங்கே ‘உம்’ போட்டு நான்கு பேராக்கிவிடுகிறது. ஒரே வீட்டில் இரண்டு பெண்களுக்கும் மரியாள் என்றா பெயர் வைப்பார்கள் என்ற கேள்வியும் நான்கின் பக்கம்தான் தள்ளுகிறது. மூன்று பேர் என்பதற்கும் ஆதரவு உண்டு. கிலெயோப்பா யோசேப்பின் சகோதரர் என்று 2-ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ எழுத்தாளர் எகெசிப்பு எழுதியதை, சபை வரலாறு எழுதிய யூசேபியு எடுத்துச் சொல்கிறார். அப்படியானால், அந்த மரியாள் கிலெயோப்பாவின் மனைவி என்று வைத்துக்கொண்டால், இயேசுவின் தாய்க்கு அவர் உடன்பிறந்தவர் அல்ல, ஓரகத்தி; இருவருக்கும் ஒரே பெயர் இருப்பதில் சிக்கல் இல்லை. (கிரேக்கத்தில் ‘கிலெயோப்பாவின் மரியாள்’ என்பது மட்டும்தான். மனைவியா மகளா என்று இல்லை.) என் தாளில் 3/4 என்று பென்சிலில் இருக்கிறது. நான் நான்குதான் என்பேன்.

படி 4. ‘எங்கே’, ‘எப்போது’. முதல் மூன்றிலும் பெண்கள் தூரத்தில் நிற்கிறார்கள். யோவானில் பேச்சுக் கேட்கும் தொலைவில், இயேசுவுக்கு அன்பான சீஷனும் கூடவே. மற்ற மூவரும் பெண்களைப் பற்றிச் சொல்வது இயேசு உயிர்விட்ட பிறகு. யோவான் சொல்வது அதற்கு முன்பு. ‘முதலில் அருகே நின்றார்கள், பிறகு விலகிப் போனார்கள்’ என்ற சமாதானம் இதிலிருந்து வருவதுதான். எந்தச் சுவிசேஷமும் அப்படிச் சொல்லவில்லை. பென்சில்! சங்கீதம் 38:11-ல் ‘என் இனத்தாரும் தூரத்திலே நிற்கிறார்கள்’ என்று வருவதை லூக்கா பத்தியின் ஓரத்தில் குறித்துவையுங்கள், ‘தூரத்திலே’ என்ற சொல்லுக்கு அது உதவும்.

பிற்சேர்க்கை: மாற்கில் இயேசுவின் தாய் எங்கே என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். மாற்கு 6:3-ஐப் பாருங்கள்: இயேசுவின் சகோதரர் வரிசையில் யாக்கோபு, யோசே என்ற அதே இரண்டு பெயர்கள். அப்படியானால் ‘யாக்கோபுக்கும் யோசேக்கும் தாய்’ அவரேதானா? சிலர் ஆம் என்கிறார்கள். ‘இயேசுவின் தாய்’ என்று சொல்லாமல் மாற்கு ஏன் சுற்றிவளைக்க வேண்டும் என்பது என் சந்தேகம். அந்தக் கட்டத்தை அழித்து அழித்துத் தாளில் ஓட்டை விழுந்துவிட்டது, மேலே ஒரு துண்டுத் தாள் ஒட்டியிருக்கிறேன்.