பழைய போஸ்டர் வரைகிறீர்களா? கறையில் தொடங்காதீர்கள்

ராயபுரம் ரயில் நிலையத்தை 1930களின் போஸ்டர் போல வரைந்து முடித்து, அச்சுக்கோப்பாளராக இருந்து ஓய்வுபெற்ற எங்கள் தெருப் பெரியவரிடம் காட்டினேன். அவர் படத்தைப் பார்க்கவேயில்லை. ‘சென்னை’ என்ற சொல்லின் மேல் விரலை வைத்தார். “இந்த ‘னை’ அப்போது ஏது தம்பி? தும்பிக்கை எங்கே?” என்றார்.

அதுதான் பெரிய தவறு. ணை, லை, ளை, னை நான்கும் அன்று தும்பிக்கை போல வளைந்த கொம்போடு அச்சாயின. ணா, றா, னா ஆகியவற்றில் துணைக்கால் தனியே நிற்காமல் எழுத்தோடு சுழிந்திருந்தது. பெரியார் 1935லேயே தம் பத்திரிகையில் மாற்றிவிட்டார். அரசு ஏற்றது 1978இல்தான். கணினி எழுத்துருக்கள் பெரும்பாலும் புதிய வடிவத்தையே தருகின்றன. எனவே எழுத்தைக் கையால் வரையுங்கள். அந்தக் காலப் போஸ்டர்களின் கல்லச்சில், அதாவது கல்லின் மேல் வரைந்து அதிலிருந்தே அச்செடுக்கும் முறையில், ஓவியர்கள் படத்தோடு எழுத்தையும் கல்லிலேயே வரைந்தார்கள். படமும் எழுத்தும் ஒரே கையின் கோடாகத் தெரிவது அதனால்தான்.

அடுத்தது கறை. பழுப்புக் கறையை மேலே பரப்பிவிட்டால் பழமை வந்துவிடாது. அழுக்குக் கண்ணாடி வழியாகப் பார்ப்பது போலத்தான் இருக்கும். பழமை மையிலும் தாளிலும் இருக்கிறது. மடித்த கோட்டில் மை உதிரும், ஓரம் பழுக்கும், ஆணி அடித்த மூலை கிழியும். எங்கே தேய்ந்திருக்கும் என்று யோசித்து அங்கே மட்டும் தேயுங்கள்.

நிறங்களை அள்ளிக் கொட்டாதீர்கள். கல்லச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல், ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு முறை அச்சு. அதனால் நிறத்தை எண்ணித்தான் செலவழித்தார்கள். நான் இப்போது மஞ்சள், நீலம், காவிச் சிவப்பு என்று மூன்றோடு நிறுத்துகிறேன். மஞ்சளின் மேல் நீலம் விழுந்தால் பச்சை கிடைக்கிறது. வெள்ளை வேண்டிய இடத்தில் மையில்லாத வெறுந்தாள். நிழலுக்கு வழுவழுப்பான சாயல் வேண்டாம். கல்லின் சொரசொரப்பில் கிரேயான் தேய்த்தது போன்ற புள்ளிகள் போதும். அச்சு விலகியது போலக் காட்ட ஒரே ஒரு நிறத்தை அரை மில்லிமீட்டர் நகர்த்துங்கள். நான் முதலில் எல்லா நிறத்தையும் நகர்த்தினேன். தூண்களெல்லாம் இரட்டையாகத் தெரிந்தன.

காலத்தையும் கலக்காதீர்கள். நிலையம் திறந்தது 1856இல். சென்னைக்கு மின்சார ரயில் வந்தது 1931இல், அதுவும் கடற்கரை–தாம்பரம் பாதையில். ராயபுரத்தில் நீராவி எஞ்சின்தான் நிற்க வேண்டும்.

கடைசியாகத் தாள். சென்னையில் காகிதக் கடைகள் நிறைந்த ஆண்டர்சன் தெருவுக்குப் போனால் பளபளக்கும் ஆர்ட் பேப்பரைக் கேட்காதீர்கள். இளமஞ்சள் சாயலுள்ள, பளபளப்பில்லாத மேப்லித்தோ தாளில் ஒரு பிரதி எடுத்துச் சுவரில் ஒட்டி, தெருவின் எதிர்ப்பக்கம் நின்று பாருங்கள். அங்கிருந்து எழுத்தைப் படிக்க முடியவில்லையென்றால், கறை, புள்ளி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு எழுத்தை மீண்டும் வரையுங்கள்.