டெலவேர் பதிவு மட்டும் போதாது: மாநிலச் சட்டங்களில் நிறுவனங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதலீடு திரட்டும் எண்ணத்தோடு அமெரிக்காவில் நிறுவனம் தொடங்குபவர்களில் பலர், சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் மென்பொருள் விற்கும் நம்மவர்கள் உட்பட, டெலவேர் மாநிலத்தில் பதிவு செய்கிறார்கள். அதற்குப் பின் அவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, எந்த மாநிலத்தின் சட்டம் எதற்குப் பொருந்தும் என்ற குழப்பத்திலிருந்தே பிறக்கின்றன. இயக்குநர்களின் கடமை, பங்குதாரர்களின் வாக்குரிமை போன்ற உள்விவகாரங்களைப் பதிவு செய்த மாநிலத்தின் சட்டம் ஆள்கிறது. பங்கு விற்பனை என்று வந்துவிட்டால் வாங்குபவர் வசிக்கும் மாநிலத்தின் சட்டமும் உள்ளே வருகிறது. அலுவலகமும் ஊழியர்களும் வேறொரு மாநிலத்தில் இருந்தால் அந்த மாநிலத்துக்கும் தனிக் கணக்கு உண்டு.

இவற்றில் அதிகம் கோட்டைவிடப்படுவது பங்கு விற்பனைதான். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் மத்திய அரசின் எஸ்.இ.சி. ஆணையத்திடம், பதிவு செய்யாமல் பங்கு விற்பதை அறிவிக்கும் ‘ஃபார்ம் டி’ படிவத்தைத் தாக்கல் செய்ததோடு வேலை முடிந்துவிட்டதாகப் பலர் எண்ணுகிறார்கள். ஆனால் பங்கு விற்பனையை ஒழுங்குபடுத்தும் மாநிலச் சட்டங்கள் 1933-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தைவிட மூத்தவை. கான்சஸ் மாநிலம் 1911-லேயே அத்தகைய சட்டத்தை இயற்றிவிட்டது. 1996-இல் அமெரிக்க நாடாளுமன்றம் மாநிலங்களின் அதிகாரத்தைக் குறைத்தபோது, மத்தியப் பதிவிலிருந்து விலக்கு தரும் எஸ்.இ.சி.யின் விதி 506-இன் கீழ் விற்கப்படும் பங்குகளை மாநிலத்திலும் பதிவு செய்யத் தேவையில்லை என்றானது. எனினும் மோசடியை விசாரிக்கும் உரிமையையும், அறிவிப்பும் கட்டணமும் கேட்கும் உரிமையையும் மாநிலங்கள் இழக்கவில்லை. எனவே கலிஃபோர்னியா, டெக்சாஸ், நியூ ஜெர்சி ஆகிய மூன்று மாநிலங்களில் வசிப்பவர்களிடம் பணம் பெறும் டெலவேர் நிறுவனம், அந்தந்த மாநிலத்தில் முதல் விற்பனை நடந்த 15 நாட்களுக்குள் மூன்று இடங்களிலும் அறிவிப்பைத் தாக்கல் செய்ய வேண்டும். இணையத்தில் எளிதாக முடியும் இந்த வேலை விடுபட்டிருப்பது, பெரும்பாலும் அடுத்த சுற்று முதலீட்டாளரின் வழக்கறிஞர் பழைய கோப்புகளைக் கேட்கும் நாளில்தான் தெரியவருகிறது.

இதைவிடக் கனமான தவறு, விதி 506-ஐயே கைநழுவ விடுவது. அந்த விதியில் இரண்டு வழிகள் உண்டு. 506(பி) வழியில் பணம் திரட்டும் நிறுவனர், “முதலீட்டாளர்கள் தேவை” என்று லிங்க்ட்இன் தளத்தில் எழுதிவிட்டால் அது பொது அழைப்பாகக் கருதப்படக்கூடும். அந்த வழியில் பொது அழைப்புக்கு இடமில்லை. 506(சி) வழியில் விளம்பரம் செய்யலாம். ஆனால் வாங்குவோர் அனைவரும் வருமானம், சொத்து போன்ற அளவுகோல்களின்படி ‘அக்ரெடிட்டட்’ தகுதி உடையவர்களாக இருக்க வேண்டும். அந்தத் தகுதியைச் சரிபார்க்க நிறுவனமும் நியாயமான நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும். இரண்டிலும் பொருந்தாவிட்டால் மாநிலத்தில் பதிவு செய்யத் தேவையில்லை என்ற பாதுகாப்பு போய்விடுகிறது. ஒவ்வொரு மாநிலத்திலும் தனித்தனியாக விலக்கு தேட வேண்டியதாகிறது. 12 மாதங்களில் 1 கோடி டாலர் வரை திரட்ட உதவும் விதி 504-ஐ நம்புபவர்களும், மாநிலச் சட்டத்தைப் பொறுத்தவரை இதே நிலையில்தான் இருக்கிறார்கள்.

விலக்கும் இல்லாமல் பதிவும் இல்லாமல் விற்ற பங்கை, வாங்கியவர் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பணத்தை வட்டியோடு கேட்கலாம் என்றே பெரும்பாலான மாநிலச் சட்டங்கள் சொல்கின்றன. நிறுவனத்தின் கஜானா காலியாக இருந்தால் இயக்குநர்களும் உயர் அதிகாரிகளும் தனிப்பட்ட முறையில் பொறுப்பேற்க நேரலாம். தொழில் செழிக்கும்வரை இந்த உரிமையை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. நொடித்த பிறகு, முதலீட்டாளரின் வழக்கறிஞர் முதலில் தேடுவது இதைத்தான்.

“நாங்கள் பங்கே கொடுக்கவில்லை, சேஃப் ஒப்பந்தம்தான் போட்டோம்” என்ற சமாதானமும் எடுபடாது. முதலீட்டாளர்களிடம் இப்போது பணம் பெற்றுக்கொண்டு, பிற்காலத்தில் பங்கு தருவதாக எழுதிக் கொடுக்கும் சேஃபும், பின்னர் பங்காக மாறும் கடன் பத்திரமும் பொதுவாக இதே சட்டங்களுக்குள் அடங்குபவையே. ஊழியர்களுக்குத் தரும் பங்கு விருப்பங்களுக்கு (ஸ்டாக் ஆப்ஷன்) மத்திய அளவில் விதி 701 கைகொடுத்தாலும், அது மாநிலங்களைக் கட்டுப்படுத்தாது. உதாரணமாக, கலிஃபோர்னியாவில் இதற்கென உள்ள விலக்கைப் பயன்படுத்தும் நிறுவனம் முதல் வழங்கலிலிருந்து 30 நாட்களுக்குள் அறிவிப்பைத் தாக்கல் செய்ய வேண்டும்.

டெலவேர் பக்கம் திரும்பினால், இயக்குநர் குழுவின் எழுத்துப்பூர்வத் தீர்மானம் இல்லாமல் பங்கைப் பிரித்துக் கொடுப்பதே பெரிய தவறு. “உனக்கு இரண்டு சதவீதம்” என்று மின்னஞ்சலில் எழுதுவதால் பங்கு பிறந்துவிடாது. முன்னுரிமைப் பங்குகளை உருவாக்கும் ஆவணத்தை இயக்குநர் குழு முறைப்படி ஏற்கவில்லை என்பதால், 1991-இல் ஸ்டார் சர்ஜிகல் வழக்கில் டெலவேர் உச்ச நீதிமன்றம் அந்தப் பங்குகள் செல்லாதவை என்றே தீர்ப்பளித்தது. டெலவேர் நிறுவனச் சட்டத்தில் 2014-இல் நடைமுறைக்கு வந்த 204, 205 ஆகிய பிரிவுகளின் கீழ் இத்தகைய குறைகளைப் பின்னர் சரிசெய்ய வழியுண்டு. ஆனால் நிறுவனத்தை விற்கப்போகும் வாரத்தில் அந்த வேலையில் இறங்குவது பெரும் செலவு.

டெலவேரில் பதிவு செய்த நிறுவனங்கள் ஆண்டுதோறும் கட்டும் ஃபிரான்சைஸ் வரியைப் பொறுத்தவரை தவறைவிட அதிர்ச்சியே அதிகம். 1 கோடி பங்குகளுக்கு அனுமதி பெற்ற புதிய நிறுவனத்துக்கு, அனுமதிக்கப்பட்ட பங்குகளின் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிட்டால் வரி 85,165 டாலர். வெளியிட்ட பங்குகளையும் மொத்தச் சொத்தையும் வைத்துக் கணக்கிடும் இன்னொரு முறையில், சொத்து அதிகமில்லாத அதே நிறுவனம் குறைந்தபட்சத் தொகையான 400 டாலரோடு ஆண்டறிக்கைக் கட்டணம் 50 டாலரும் சேர்த்துக் கட்டினால் போதும். முதல் தொகையைக் கண்டு கலங்கி அறிக்கையை மார்ச் 1-க்கு மேல் தள்ளிப்போட்டால், 200 டாலர் அபராதமும் மாதம் 1.5 சதவீத வட்டியும் சேரும்.

அலுவலகம் இருக்கும் மாநிலத்தில் வெளிமாநில நிறுவனமாகப் பதிவு செய்யாமல் இருப்பதும் அடிக்கடி நடக்கிறது. பணம் தராத வாடிக்கையாளர் மீது அந்த மாநில நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப் போகும்போது, முதலில் பதிவையும் நிலுவைகளையும் முடித்துவிட்டு வரும்படி திருப்பி அனுப்பப்படலாம்.

டெஸ்லா 2024-இல் டெலவேரை விட்டு டெக்சாஸுக்குப் பதிவை மாற்றிய பிறகு, நாமும் மாற்றலாமா என்று சிறு நிறுவனங்களும் கேட்கின்றன. கட்டுப்படுத்தும் பங்குதாரரோடு வழக்காடும் நிலையில் உள்ள பெரிய நிறுவனத்துக்கு அந்த மாற்றம் பொருளுள்ளதாக இருக்கலாம். ஆனால் பதிவு எங்கே இருந்தாலும், நியூ ஜெர்சியில் வசிப்பவரிடம் விதி 506-இன் கீழ் பங்கை விற்றால் நியூ ஜெர்சிக்கு அறிவிப்பு அனுப்பியே ஆக வேண்டும்.