பொறந்த தேதியில இருந்து எண்ணுங்க

எங்க மக 30 வாரத்துல, 1,250 கிராம் எடையில பொறந்தா. 24 நாள் கண்ணாடிப் பெட்டியில இருந்துட்டு, ராமேஸ்வரம் பக்கத்துல எங்க ஊரு தங்கச்சிமடம் வந்து சேர்ந்தோம். டிஸ்சார்ஜ் சீட்டோட கடைசி வரியில கண் பரிசோதனைன்னு எழுதியிருந்துச்சு. வாயால யாரும் சொல்லல. "நல்லாத்தானே முழிச்சுப் பாக்குறா"ன்னாங்க மாமியார். பக்கத்து வீட்டு நர்ஸ் அக்காதான் சீட்டைப் படிச்சுட்டு எங்களை மதுரைக்கு பஸ் ஏத்திவிட்டாங்க. அன்னைக்கு 29-வது நாள்.

கண்ணுக்குள்ள பின்பக்கம் இருக்கிற விழித்திரையில ரத்தக்குழாய் ஓடி முடிக்க, கர்ப்பக் கணக்குல ஏறக்குறைய 40 வாரம் ஆகும். முந்திப் பொறந்தா அது பாதியில நின்னு, பிறகு தாறுமாறா முளைக்கலாம். முத்திப்போனா விழித்திரையையே இழுத்துப் பிரிச்சுடும். வெளியில இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது.

34 வாரத்துக்கு முந்திப் பொறந்தாலோ, 2 கிலோவுக்குக் குறைஞ்சாலோ, 30 நாளுக்குள்ள காட்டணும். 28 வாரத்துக்கும் முந்தி, இல்ல 1,200 கிராமுக்கும் கீழன்னா ரெண்டு மூணு வாரத்துலயே. வீட்டுக்கு வந்த தேதியைப் பிடிச்சு எண்ணாதீங்க, பொறந்த தேதிதான் கணக்கு.

சொட்டு மருந்து விட்டுக் கண்மணி விரிய நேரமாகும். பால் ஒரு மணி நேரம் முந்தியே கொடுத்துடுங்க, இல்லன்னா அழுகையில கக்கிடும். இமையைக் கம்பி வச்சு விரிப்பாங்க. பாக்கப் பதறும், நான் வெளியில வந்துட்டேன். ஒரு தடவையோட முடியாது, குழாய் வளர்ந்து முடியிற வரைக்கும் ஒரு வாரம், ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா வரச் சொல்வாங்க.

எங்களுக்கு ரெண்டாந்தடவையே, தாறுமாறா முளைக்கிறதை நிறுத்த லேசர் வைக்கணும்னாங்க, ரெண்டு நாளுக்குள்ள. அவுக அப்பா கடல்ல, போன் போகல. நானே கையெழுத்துப் போட்டேன். யார் கூட வரணும், பணம் யார்கிட்டன்னு முதல்லயே பேசி வச்சுக்குங்க.

லேசரோட தீர்ந்துச்சுன்னு நாங்க அசந்துட்டோம். மூணு வயசுல கரையில நிக்கும்போது, பெரியவன் கொடியைப் பாத்து அப்பா போட்டைச் சொல்லுவான். இவ இன்ஜின் சத்தத்தை வச்சுச் சொல்லுவா. கெட்டிக்காரின்னு சிரிச்சோம். டாக்டர்கிட்ட காட்டினா கிட்டப்பார்வை, ஒரு கண்ணு பவர் மைனஸ் 6, இன்னொண்ணு மைனஸ் 9.

குறைமாசப் பிள்ளைக்குக் கிட்டப்பார்வை, மாறுகண், சோம்பேறிக் கண் வர வாய்ப்பு அதிகம், லேசர் வைக்காட்டியும். மாறுகண் அதிர்ஷ்டம்னு ஊருல சொல்றதைக் கேட்டு உக்காந்துடாதீங்க. சோம்பேறிக் கண்ணுன்னா, ஒரு கண்ணு சரியாப் பழகாம மங்கலாவே இருக்கிறது. அதுக்குப் பிளாஸ்திரி ஒட்டச் சொன்னா, நல்லாத் தெரியிற கண்ணுல ஒட்டணும். எங்க ஆத்தா பரிதாபப்பட்டு ரெண்டு நாள் மாத்தி ஒட்டிட்டாங்க. கண்மணி வெள்ளையா மின்னினா, வளர்ந்த பிள்ளை பளிச்சுன்னு வெளிச்சம் அடிக்குது, திரை மறைக்குதுன்னு சொன்னா, அன்னைக்கே கிளம்புங்க.

ஸ்கூல் கேம்ப்ல எழுத்துதான் படிக்கச் சொல்வாங்க. மருந்து விட்டு விழித்திரையைப் பாக்குறது வேற, அதை வருசா வருசம் தனியாப் பாக்கணும். நாங்க அதை மீன்பிடி தடைக்காலத்துல, ஏப்ரல் 15-க்கும் ஜூன் 14-க்கும் நடுவுல வச்சுக்குறோம். விசைப்படகு கரையில கிடக்கும், பிள்ளைக்கும் லீவு. கையில காசுதான் இருக்காது, அதுக்குப் பங்குனியிலயே தனியா எடுத்து வச்சுடுவேன்.